திருவடி வழுக்கிய படித்துறை

மணிநதி வளைந்து போகும் இடத்தில் கொன்றைமாநகர் என்றொரு ஊர். வெகுகாலத்துக்கு முன்பு அதைக் கனகவிடங்கன் என்ற அரசன் ஆண்டான். புகழ்ச்சி காதில் விழுந்தால் போதும், உடனே ஓர் ஆணை பிறக்கும்.

நகருக்கு வெளியே, மருதமரங்களின் நிழலில், அவனுடைய முன்னோர் கட்டிய படித்துறை இருந்தது. ஊரே அங்கேதான் குளித்தது, துவைத்தது, வம்பு பேசியது. அமைச்சர் ஏகம்பரும் மாலையில் அங்கே உட்கார்ந்து ஜனங்களின் குறை கேட்பார். அதில் அவருக்குக் கிடைத்த நல்ல பெயர் அவைப்புலவர் இன்னமுதருக்குச் செரிக்கவில்லை.

கண்டவர்களும் மிதித்து முன்னோர் கட்டிய படி தேய்கிறதே என்று புலவர் அரசனிடம் கண்ணைக் கசக்கினார். அரசன் துறையைச் சுற்றிக் கயிறு கட்டி, "இக்கரையில் எவர் காலும் படக்கூடாது" என்று பறையறைவித்தான். மீறினால் கசையடி.

ஏகம்பர் வாதாடிப் பார்த்தார். ஆடிப்பெருக்குக்குள் ஆணை தவறென்று காட்டும், இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வையும் என்றான் அரசன். பெருக்கன்று சோறு கட்டிக்கொண்டு எங்கே போவது என்று ஊர்ப் பெண்கள் அமைச்சரிடம் வந்து கேட்டார்கள். கரைக்குத்தான் என்று சொல்லிவிட்டாரே தவிர, மோதிர விரல் அவருக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

மழை பெய்தது. ஆள் நடமாடாத படிகளில் பாசி படர்ந்தது. ஏகம்பர் கயிற்றுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தார். நேரே அரண்மனைக்குப் போய், பெருக்கன்று முதல் முழுக்கு அரசர்தான் போட வேண்டும் என்று அழைத்துவிட்டு வந்தார்.

அன்று சோற்று மூட்டைகளோடு ஊரே கயிற்றோரம் கூடிவிட்டது. அரசன் பல்லக்கிலிருந்து இறங்கினான். கயிற்றருகே நின்ற காவலன், விடுவதா தடுப்பதா என்று கையைப் பிசைந்தான்.

"ஆணையில் 'எவர் காலும்' என்றிருக்கிறதே, அரசே" என்றார் ஏகம்பர்.

இன்னமுதர் முந்திக்கொண்டார். "அரசருக்கு ஏதய்யா கால்? அதெல்லாம் உமக்கும் எனக்கும். அவருக்கு இருப்பது திருவடி."

அரசன் பூரித்துப்போனான். குடைக்காரனுக்கும் பல்லக்குத் தூக்கிகளுக்கும் இருப்பது வெறும் கால்தானே. ஆகவே தனியாகவே இறங்கினான். மூன்றாம் படியில் திருவடி வழுக்கியது. மீதிப் படிகளை உட்கார்ந்தபடியே கடந்து இடுப்பளவு நீரில் போய்ச் சேர்ந்தான். எழுந்தால் மறுபடியும் வழுக்கியது.

"யாராவது கை கொடுங்களேன்" என்றான்.

புலவர் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறும், புலவரே" என்றார் ஏகம்பர். "உள்ளே வைக்கப்போவது காலா, திருவடியா?"

காலென்றால் கசையடி. திருவடியென்றால் அரசனுக்குச் சமமென்று ஆகிவிடும். அதற்குக் கசையடி போதாது. தூக்கியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் புலவர் கொக்குபோல் நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். நீரில் கிடந்த அரசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏகம்பரே, கயிற்றை அறுத்துத் தொலையும்."

படகோட்டிகள் இறங்கி அவனைத் தூக்கிவந்து மேல்படியில் உட்கார்த்தினார்கள். போன பெருக்கில் நான் விழவில்லையே என்றான் அரசன்.

"போன பெருக்குவரை ஊர் மிதித்தது, அரசே. பாசிக்கு இடம் கிடைக்கவில்லை."

"படி தேயுமே?"

"தேயும். தேய்ந்த கல்லை மாற்றக் கல்தச்சர் இருக்கிறார்கள்."

அரசன் யோசித்தான். பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுக்கும் வேலை இன்னமுதருக்குப் போயிற்று. அதற்குள் யாரோ ஓர் அம்மாள் அரசன் கையில் புளியோதரை வைத்துவிட்டாள். வாய் நிறையச் சோற்றோடு அவன் புது ஆணை சொன்னான்: "படி தேய்ந்தால் கல்தச்சரிடம் சொல்லுங்கள். ஜனங்கள் வராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்."