மஞ்சள் ஊறும் நிலம்

ஊரில் ஞானப் பாடம் சொல்லிவந்த உலகநாயகி அம்மையிடம் கேட்க வந்தவர்களில் துரைக்கண்ணுதான் வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிட இருபது வயது பெரியவர்.

ஊருக்குக் கிழக்கே தோல் ஆலை மூடிக்கிடந்தது. அந்த நிலத்தில் புல் முளைக்காது. எறும்பு ஊராது. காக்கைகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் பறக்கும். அங்கே தோல் கழுவித்தான் துரைக்கண்ணுவின் மனைவி பவுனம்மாள் நெஞ்சு வெந்து செத்துப்போனாள்.

ஊரே கூடி அந்த நிலத்தில் சோலார் பலகைகள் வைத்தது. நஞ்சு மண்ணைக் களிமண் போட்டு மூடி, மேலே சிமென்ட் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மீது பலகைகளை நிறுத்தினார்கள். ஒரு குழிகூடத் தோண்டவில்லை. தோண்டினால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும்.

திறப்பு நாள் காலையில் துரைக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. பவுனம்மாள் பெயரில் ஒரு கல் நட வேண்டும். யாரிடமும் சொல்லாமல் அந்த நிலத்தில் கடப்பாரையை இறக்கினார்.

முழங்கை ஆழத்தில் மண் இளகியது. குழிக்குள் மஞ்சள் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறியது. கூடவே பச்சைத்தோலும் சுண்ணாம்பும் கலந்த வாசம். வேலை விட்டு வரும் பவுனம்மாளின் சேலையில் வீசிய அதே வாசம்.

பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல முதுகு சில்லிட்டது. திரும்பினார். வெட்டவெளியில் யாருமில்லை. வாசம் மட்டும் இன்னும் கிட்டே வந்தது.

"பவுனு?" என்றார். மண் கொப்புளம் விட்டு அடங்கியது.

ஓடிப்போய் அம்மையை அழைத்துவந்தார். அம்மை குழியை எட்டிப் பார்த்தார். கூடை கூடையாகக் களிமண்ணைக் கொட்டச் சொல்லி, மண்வெட்டியால் இறுக அடித்துக் குழியை மூடினார்.

"இந்தக் கல்லை என்னம்மா பண்றது?"

"உங்க வீட்டு வாசல்ல நடுங்க. அவங்க ஆசையா வாழ்ந்தது அங்கதானே?"

மதியம் விசையைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்து மின்விசிறிகள் சுழன்றன. ஜனங்கள் கை தட்டினார்கள். துரைக்கண்ணு மட்டும் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அம்மை அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"காலையில பார்த்தது பார்த்ததுதாம்மா. ஆனா அதே மண்ணு இப்ப ஊருக்கே கரண்டு குடுக்குது. நாம ஊத்தின விஷத்தையெல்லாம் அது மன்னிச்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?"

அம்மை பலகைகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவற்றின் அடியில் கிடந்த நிழலைப் பார்த்தார்.

"கரண்டு குடுக்கிறது வெயிலுங்க ஐயா. மண்ணு இன்னும் ஒண்ணும் சொல்லலை."