பச்சை மூடி

விருத்தாசலத்தில் முப்பது வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவர் பூவராகன். ஓய்வு பெற்ற பிறகு தியானம் பழக குருவைத் தேடி எங்கெங்கோ அலைந்தார். கடைசியில் குரு ரேஷன் கடை மாடியில் கிடைத்தார். ஏழாம் வகுப்பில் அவரிடமே படித்த மங்கையர்க்கரசி.

இப்போது பூவராகன் அவரை அம்மா என்பார். மங்கை இவரை இன்னும் சார் என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மங்கையை வடலூரில் விட பூவராகன் தன் காரை எடுத்தார். ஊரைத் தாண்டியதும் கேட்டார்.

“அம்மா, கோபம் முழுசா போயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“யார் மேல கோபம்?”

“தம்பி மேலதான்.”

தம்பி ரங்கனுக்கு மறுநாள் காலை பாண்டிச்சேரியில் இருதய ஆபரேஷன். அண்ணன் வருவாரா என்று ரங்கனின் மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டாள். ரங்கனே கேட்கச் சொன்னானாம்.

இருவரும் பேசி ஏழு வருடம் ஆகிறது. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். ரங்கன் வைத்தான், அதில் தப்பில்லை. ஆனால் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அண்ணனுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கவில்லை. பூவராகன் போய்ச் சேர்ந்தபோது புகைதான் இருந்தது. அம்மா முகத்தை அவர் கடைசியாகப் பார்க்கவே இல்லை.

“கொஞ்சம் கோபம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கும்மா. அதை உள்ள வெச்சுக்கிட்டு அவன் கட்டில் பக்கத்துல போய் நின்னா அது பொய். போனா சுத்தமான மனசோட போகணும். இல்லேன்னா போகக் கூடாது.”

வழியெல்லாம் முந்திரித் தோப்பு. கார் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது.

“டயர்ல காத்து கம்மியா சார்?”

“ஒரு வாரமா அப்படித்தான். நைட்ரஜன் போட்டிருக்கேன். அது போடுற கடை பூட்டிக் கிடக்கு.”

“வழியில பெட்ரோல் பங்க் இருக்கே.”

“அங்க சாதா காத்துதாம்மா. கலந்துடும்.”

இரண்டு பங்க் போயின. மூன்றாவதில் மங்கை வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நைட்ரஜனுக்கு அடையாளமாகப் போட்டிருந்த பச்சை மூடியைத் திருகிக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்துச் செருகினார். மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.

பூவராகன் பதறி இறங்கி வந்தார்.

“வேண்டாம்மா. இவ்வளவு நாள் கலக்காம வெச்சிருந்தேன்.”

“ஏழாங்கிளாஸ்ல மெழுகுவத்தியக் கொளுத்தி வெச்சு மேல டம்ளரைக் கவுத்தீங்களே, ஞாபகம் இருக்கா சார்?”

“இருக்கு.”

“அப்புறம் காத்துல என்னென்ன இருக்குன்னு போர்டுல எழுதினீங்க.”

“அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன். மீதி…”

முப்பது வருடமும் தவறாமல் எழுதிப்போட்ட வரி அது. பாதியில் நின்றுவிட்டது.

டயர் மெல்ல எழும்பியது. மீட்டர் முப்பத்துமூன்றில் ஒலி எழுப்பி நின்றது. பூவராகன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இப்பவும் கோபம் இருக்கும்மா,” என்றார்.

“எவ்வளவு?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். மார்க் போடுவதில் தாராளம் காட்டாத வாத்தியார் அவர். பின்னால் பைக்கில் காத்திருந்தவர் ஹாரன் அடித்தார், அடித்து ஓய்ந்தார்.

“அஞ்சுல ஒரு பங்கு இருக்கும்.”

“மீதி?”

“அவனைப் பாக்கணும்.”

மங்கை பச்சை மூடியை அதே டயரில் திரும்பத் திருகினார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, பின் சீட்டிலிருந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வண்டி பாண்டிச்சேரி வரைக்கும் ஓடும் சார். எங்கயும் நிக்காம நேராப் போங்க. நான் வடலூருக்கு பஸ்ல போய்க்கிறேன்.”