சினை பார்த்த கொக்கு

ஒரு காட்டில் ஓர் ஓடை இருந்தது, குழந்தைகளே. அந்த ஓடைக்கு ஒரு சட்டமும் இருந்தது. "ஆடி மாதம் முழுவதும் ஓடையில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது" என்பதுதான் அது.

காரணமில்லாமல் போட்ட சட்டம் இல்லை. ஆடியில் புதுவெள்ளம் வரும். கெண்டை மீன்கள் வயிறு நிறையச் சினையோடு வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். மலையடிவாரத்துக் குட்டையில் போய் முட்டையிடும். அந்தச் சமயத்தில் அவற்றை விட்டுவைத்தால், வருஷம் முழுவதும் எல்லோருக்கும் மீன் கிடைக்கும்.

சட்டத்துக்குக் காவல் கருமேனி என்கிற நீர்நாய். இரண்டு குட்டிகளுக்குத் தாய். அவளும் மீன் தின்று பிழைக்கிறவள்தான். ஆனால் ஆடி பிறந்துவிட்டால் தானும் தொடமாட்டாள், குட்டிகளையும் தொடவிடமாட்டாள். நண்டு, நத்தை என்று எதையாவது தேடிக் கொடுத்து அந்த மாதத்தை ஓட்டிவிடுவாள்.

சில வருஷங்களாக மழை தன் இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆடியில் ஓடை வறண்டு கிடந்தது. கருமேனி வெறும் மணலுக்குக் காவல் இருந்தாள். வெள்ளம் புரட்டாசியில் வந்தது. கெண்டைகளும் அப்போதுதான் ஏறின. சட்டமோ ஆடியோடு முடிந்து போயிருந்தது. காட்டுப்பூனையும் நரியும் கொக்கும் கரையில் உட்கார்ந்து சினை மீனாகப் பொறுக்கித் தின்றன.

"சட்டப்படிதானே தின்கிறோம், அக்கா?" என்று அவளிடமே கேட்டன.

அந்தக் காட்டில் சிங்கம் இல்லை. கரடிதான் தலைவர். சோம்பேறி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் சோம்பேறிதான். கருமேனி வருஷம் தவறாமல் அவரிடம் போனாள்.

"தலைவரே, மழை மாறிவிட்டது. சட்டத்தையும் மாற்றுங்கள்."

"அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் அம்மா" என்பார் கரடி. அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்த கூட்டம் என்பார்.

போய்ப் போய் அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அதைவிட மனசு ஓய்ந்துவிட்டது. ஓடையில் மீன் குறைந்துகொண்டே வந்தது. குட்டிகள் காலையில் நீந்தப் போய் வெறும் வாயோடு திரும்பின. இன்னும் ஒரு வெள்ளம் இப்படியே போனால் ஓடையில் மீன் என்பதே இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் குட்டிகளுக்கு அப்புறம் எதைக் கொடுப்பது?

அந்த வருஷம் ஆவணியில் கூட்டம் கூடியது. கருமேனி கடைசியாக ஒருமுறை எழுந்து நின்றாள்.

"மாதத்தைச் சொல்லிச் சட்டம் போட வேண்டாம், தலைவரே. 'சினை மீனை எந்த நாளும் யாரும் தின்னக் கூடாது' என்று போடுங்கள். மழை எப்போது வந்தாலும் சரியாக இருக்கும்."

முதலில் எழுந்து பேசியது கொக்குதான். நெடுங்காலன் என்று அதற்குப் பேர்.

"அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி" என்றது கொக்கு. "காலத்துக்குத் தகுந்தபடி சட்டம் மாற வேண்டாமா? நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன்."

கருமேனிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஓடையில் எல்லோரையும்விட அதிகமாகத் தின்கிறவன் நெடுங்காலன். அவனா இப்படிப் பேசுகிறான்?

"ஒரே ஒரு சந்தேகம்" என்று இழுத்தது கொக்கு. "இது சினை மீன், இது வெறும் மீன் என்று எப்படித் தெரியும்?"

"வயிற்றைப் பார்த்தால் தெரியாதா? உப்பியிருக்குமே!" என்றாள் கருமேனி.

"நிறையத் தின்றாலும் வயிறு உப்பும், அக்கா. நம் தலைவருக்குக்கூடத்தான் வயிறு உப்பியிருக்கிறது. சினையா பிடித்திருக்கிறது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கரடி குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"அதனால் ஏறி வருகிற ஒவ்வொரு மீனையும் யாராவது சோதிக்க வேண்டும்" என்றது கொக்கு. "சினை இல்லாததைத் தின்னலாம். சினை இருந்தால் தின்னக் கூடாது."

"யார் சோதிப்பது?" என்று கேட்டார் கரடி.

பூனை தன் வாலைப் பார்த்தது. நரி மரத்தைப் பார்த்தது. கொட்டும் மழையில் தண்ணீரில் போய் நிற்க யாருக்கு ஆசை?

"நானே நிற்கிறேன்" என்றது கொக்கு. "ஒற்றைக் காலில் நிற்பது எனக்கென்ன புதுசா? ஊருக்காகச் செய்கிறேன்."

"அப்படியே சட்டம்! முடிந்தது கூட்டம்!" என்று சொல்லிக் கரடி எழுந்து போய்விட்டார்.

'எப்படிச் சோதிப்பாய்?' என்று கருமேனி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இத்தனை வருஷம் அலைந்த களைப்பு அவளுக்கு. சட்டம் வந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் தோன்றியது. களைத்துப் போனவர்கள் இப்படித்தான், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

புரட்டாசியில் வெள்ளம் வந்தது. ஓடை நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. கருமேனி கீழ்ப்பக்கம் காவலுக்கு நின்றாள். மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓடை குறுகுகிற இடத்தில், நெடுங்காலன் நின்றான்.

பூனை வந்தது. "சட்டம் மாறிவிட்டது, தெரியுமல்லவா?" என்று கருமேனி அதட்டினாள். பூனை முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனது. நரியையும் விரட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் மனசு லேசாக இருந்தது.

கெண்டைகள் கூட்டமாக வந்து சேர்ந்தன. முன்னால் வந்த தாய்க்கெண்டை அவளைப் பார்த்ததும் பயந்து நின்றது.

"பயப்படாதே" என்றாள் கருமேனி. "இந்த வருஷம் உனக்காகவே சட்டம் போட்டிருக்கிறோம். மேலே கொக்கு நிற்கும். அதனிடம் வயிற்றைக் காட்டிவிட்டுப் போ. ஒன்றும் செய்யாது."

"கொக்கிடமா அம்மா? எங்களைத் தின்கிற கொக்கிடமா?"

"அது இப்போது சட்டத்தின் ஆள். நான் சொல்கிறேன், நம்பிப் போ."

தாய்க்கெண்டை தயங்கியது. பிறகு அவள் சொல்லை நம்பி வாலை அடித்து ஏறிப் போனது. மற்றவையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. "போங்கள், போங்கள், நெருக்காமல் போங்கள்" என்று கருமேனி அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

மழை சற்று ஓய்ந்ததும், மீன்கள் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்க மேலே போனாள். குட்டையில் ஒரு மீன்கூட இல்லை. பதறிப் போய்ப் பாறை இடுக்குக்கு ஓடி வந்தாள். பாறையெல்லாம் மஞ்சள் மஞ்சளாகச் சினை சிதறிக் கிடந்தது. நெடுங்காலன் ஒரு கெண்டையைப் பாறையில் போட்டு, அலகால் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! என்ன செய்கிறாய்?"

"சோதிக்கிறேன், அக்கா" என்றான் நெடுங்காலன் நிதானமாக. "உள்ளே பார்க்காமல் எப்படிச் சொல்வது? இதோ பாருங்கள், சினை இருக்கிறது. இதைத் தின்னக் கூடாது."

"அதுதான் செத்துவிட்டதே!"

"செத்துவிட்டது. பாவம். செத்ததை வீணாக்கலாமா?" என்று சொல்லிவிட்டு அதை விழுங்கினான்.

அடுத்த மீனையும் கிழித்தான். "இதில் சினை இல்லை. தின்னலாம்" என்று அதையும் விழுங்கினான்.

கருமேனிக்கு அழுகை வந்தது. அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. பாய்ந்து அவனை விரட்டினாள். அவன் பறந்து எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தான்.

"சட்டத்தின் வேலையைத் தடுக்கிறீர்கள், அக்கா. தலைவரிடம் சொல்லிவிடுவேன்."

அவனுக்கு முன்னால் அவளே ஓடினாள். கரடி குகைக்குள் படுத்திருந்தார்.

"தலைவரே, மீனையெல்லாம் கொக்கு கொன்று தின்கிறது!"

"சோதிக்கச் சொன்னோம், சோதிக்கிறது" என்றார் கரடி புரண்டு படுத்துக்கொண்டே. "சோதிக்கிற முறை பிடிக்கவில்லை என்றால் திருத்தம் கொண்டு வா. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்."

கருமேனி ஓடைக்குத் திரும்பியபோது கொக்கு பழையபடி பாறையில் நின்றது. இடுக்கில் நீந்தி வர மீன்தான் இல்லை.

வெள்ளம் வடிந்தது. கூட்டமும் கூடியது. கரடி வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்தார்.

"நம் புதுச் சட்டம் மாதிரி ஒரு சட்டம் இந்தக் காட்டில் வந்ததே இல்லை. பூனை மீறவில்லை, நரி மீறவில்லை. ஒரு புகாரும் கிடையாது."

"புகார் சொன்னேனே, தலைவரே!" என்றாள் கருமேனி. "ஓடையில் மீனே இல்லை. போய்ப் பாருங்கள்!"

"அதற்குத்தான் நான் ஒரு திருத்தம் கொண்டு வந்திருக்கிறேன்" என்று நெடுங்காலன் எழுந்து நின்றான். "மீன் இல்லாத ஓடையில் மீனுக்குச் சட்டம் எதற்கு? பாவம், தவளைகளுக்கு இதுவரை ஒரு பாதுகாப்பும் இல்லை. சினைத் தவளைகளுக்கும் இதே சட்டத்தைக் கொடுப்போம். சோதனைக்கு நானே நிற்கிறேன்."

ஓடைக்கரையிலிருந்து தவளைகள் ஒரே குரலில் ஆரவாரம் செய்தன. "எங்களுக்கும் சட்டம் வந்துவிட்டது! எங்களுக்கும் சட்டம் வந்துவிட்டது!"

கருமேனி அவற்றிடம் ஓடினாள். "கத்தாதீர்கள்! இங்கிருந்து ஓடிப் போங்கள்!"

"ஏன் அக்கா ஓட வேண்டும்?" என்று கேட்டது ஒரு குண்டுத் தவளை. "உங்களுக்கு மீன் மேல்தான் அக்கறை. எங்களுக்கென்று ஒருவர் பேசினால் பொறுக்கவில்லையா?"

அவள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் பசியில் சுருண்டு கிடந்த இரண்டு குட்டிகளையும் எழுப்பி, வேறு ஓடை தேடி மலைக்கு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். பின்னால் தவளைகள், யார் முதலில் வயிற்றைக் காட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

நீதி: நல்ல சட்டமே ஆனாலும், அதை யார் கையில் கொடுக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.