தணிகைவேல் திரும்பப் பெற்ற மனு

தீர்ப்பு எழுதப்படாமலே முடிந்துபோன ஒரு வழக்கின் கதை இது. தீர்ப்பை, கதை கேட்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அரக்கோணத்தில் மின்வாரிய லைன்மேனாக இருந்தவன் தணிகைவேல். அவன் மனைவி காஞ்சனா ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். பதினோரு வருஷம் ஒன்றாக இருந்தார்கள். அடி உதை இல்லை, குடி இல்லை, வேறொருத்தியும் இல்லை. ஆனால் ஒருவர் பேசினால் மற்றவருக்குக் குத்தியது. பேசாமல் இருந்தால் இன்னும் ஆழமாகக் குத்தியது. கடைசியில் இருவரும் சம்மதித்து, ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு விவாகரத்துக் கேட்டார்கள். நீதிமன்றம் ஆறு மாதம் யோசிக்கச் சொன்னது. ஆறு மாதம் கழித்தும் அவர்கள் மனம் மாறவில்லை. பதினோரு வருஷம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

மகள் வெண்ணிலாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று வாயளவில் பேசிக்கொண்டார்கள். எதையும் எழுதி வாங்கவில்லை. சண்டையே இல்லாதபோது எழுத்து எதற்கு என்று இருவரும் நினைத்தார்கள்.

அடுத்த வருஷம் காஞ்சனாவுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்தது. மகளையும் அழைத்துப்போவதாகச் சொன்னாள். அத்தனை தூரம் போனால் சனிக்கிழமை ஏது? மகளைத் தன் பொறுப்பில் விடும்படி தணிகைவேல் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட்டான்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது காஞ்சனா வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் அவளுடைய தாய்மாமன் வெண்ணிலாவை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, கோர்ட்டில் கேட்டால் அப்பாவைச் சொல்வாயா, அம்மாவைச் சொல்வாயா என்று விளையாட்டாகக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார்கள். குழந்தை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டது. காஞ்சனா அப்போது அங்கே இல்லை. தண்ணீரைக் கொட்டிக்கொண்டதாக வெண்ணிலா அவளிடம் சொல்லிவிட்டாள்.

நடந்ததை அப்பாவிடம் மட்டும்தான் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை ஓட்டலில், அவளுக்கு முன்னால் தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"இனிமே யாரும் என்னை அப்படிக் கேக்கக் கூடாதுப்பா."

"கேக்க மாட்டாங்கம்மா. அப்பா பாத்துக்கறேன்."

"சத்தியமா? இதை அம்மாகிட்டயும் சொல்லாதீங்க. அம்மா அழுவாங்க."

இரண்டுக்கும் சேர்த்து அவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

மறுவாரமே நீதிபதி அம்மாள், அடுத்த வாய்தாவில் குழந்தையைத் தனியாகத் தன் அறையில் பார்த்துப் பேசப்போவதாகச் சொன்னார். காஞ்சனா உடனே ஒத்துக்கொண்டாள். வாழப்போகிறவள் அவள், அவள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்றாள். தணிகைவேலின் வக்கீல் பரிமளாவுக்கோ சந்தோஷம். குழந்தை அப்பாமேல் உயிரையே வைத்திருக்கிறது, வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்றார்.

அந்தப் பேச்சைத் தடுக்க வழி உண்டா என்று அவன் வக்கீலைக் கேட்டான். நீதிபதி முடிவு செய்துவிட்டால் தடுக்க முடியாது, மனுவே இல்லை என்றால்தான் உண்டு என்று பரிமளா சலிப்போடு சொன்னார். ஏன் கேட்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அவனால் சொல்லவும் முடியாது. நாலு நாள் கம்பத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

வாய்தா அன்று காலை மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றான். யோசிக்க ஒரு வாரம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றான். காஞ்சனா தன் பங்குக்கு எந்த மனுவும் போட்டிருக்கவில்லை. அதனால் வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். காஞ்சனா போய், அப்பா கேஸை வாபஸ் வாங்கிவிட்டார் என்று சொன்னாள். குழந்தை எழுந்து நேராக அப்பாவிடம் வந்தது. அழவில்லை.

"ஜட்ஜம்மா கேட்டா சொல்லிடலாம்னுதான்பா வந்தேன். உங்ககூட இருக்கேன்னு சொல்ல, வீட்ல ரெண்டு நாளா பழகிப் பாத்தேன். நீங்கதான் என்னை வேணாம்னுட்டீங்க."

தணிகைவேல் வாயைத் திறந்தான். பக்கத்தில் காஞ்சனா நின்றிருந்தாள். அவளிடம் சொல்லக் கூடாது என்பதும் சத்தியத்தில் சேர்ந்தது. மகள் சொன்னது காஞ்சனாவின் காதிலும் விழுந்தது. அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

கோயம்புத்தூருக்கு அவன் வாராவாரம் போன் செய்தான். வெண்ணிலா தூங்குகிறாள், படிக்கிறாள், வெளியே போயிருக்கிறாள் என்று காஞ்சனா சொன்னாள். குழந்தை போனை வாங்க மறுக்கிறது என்று சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை.

சத்தியத்துக்காக மகளை இழந்த தணிகைவேல், மகளின் விருப்பத்தைக் கேட்ட பிறகும் அழைத்துப்போன காஞ்சனா, குழந்தையைப் பார்க்காமலே வழக்கை முடித்த நீதிபதி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: நீதிபதியைக் குறை சொல்வதற்கில்லை. மனு அவனுடையது, ஒரு வாரம் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். காஞ்சனா குழந்தை பேசட்டும் என்றது சரி. பேசிய பிறகு கேட்காதவள்போல் படி இறங்கியது தவறு. தணிகைவேல் செய்தது அன்பு, ஆனால் சரியல்ல. அந்தச் சத்தியம் வெண்ணிலாவுக்குச் செய்து கொடுத்தது. அதை விலக்கிக்கொள்ள அவளுக்கு மட்டுமே உரிமை உண்டு. கையெழுத்துப் போடும் முன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது என்பதில் சட்டம் பார்ப்பது குழந்தையின் நலனை. அதன் விருப்பம் அதில் ஒரு பங்குதான், முழுப் பாரமும் அதன் தலையில் விழுவதில்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் விசாரிக்கவில்லை. இப்படிப்பட்ட வழக்கை மறுபடியும் தொடுக்கலாம், குழந்தை வசிக்கும் ஊரில். தணிகைவேலும் பின்னால் அப்படியே கோயம்புத்தூரில் மனுப் போட்டான். முதல் வாய்தாவுக்கு வெண்ணிலாவும் வந்திருந்தாள். அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அம்மாவின் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டாள்.