முப்பதடி அகலமான கொல்லை

திருகுமேட்டில் புத்திசாலிகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஊரில் பெரிய புத்திசாலி யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தயங்காமல் தன் பெயரையே சொல்வார்கள். மருதப்பன் மட்டும் கொஞ்சம் அடக்கமானவர். அவர் தன் அண்ணன் அம்பலவாணர் பெயரைச் சொல்வார்.

அந்த மருதப்பனுக்கு ஒரு கவலை வந்து சேர்ந்தது. அவர் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கொல்லை. அகலம் ஆறடி, நீளம் முப்பதடி. ஒரு பக்கம் நெல் மண்டியின் சுவர், மறுபக்கம் மச்சினன் இடும்பன் வீட்டுச் சுவர். நடுவில் ஒரு துணிக்கொடி. மனைவி கோமளம் தன் அக்காள் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, பையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"பத்து நாள்ல வந்துடுவேன். வந்ததும் அந்தக் கொல்லையில உக்காந்து நிம்மதியா ஒரு வாய் காப்பி குடிக்கணும். அதுக்கு வழி பண்ணலைன்னா தம்பி வீட்டோட போயிடுவேன். அப்புறம் இந்தப் படி ஏற மாட்டேன்."

தம்பி வீடு அடுத்த வீடுதான். ஆனாலும் மருதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் போட்ட சட்டையெல்லாம் அவள் எடுத்துக் கொடுத்ததுதான். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

டவுனிலிருந்து ஒரு டிசைனரை வரவழைத்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கொல்லையைப் பார்த்தார், மூன்று வாக்கியம் சொன்னார், ஃபோன் வருகிறது என்று போய்விட்டார். அம்பலவாணர் அந்த மூன்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார்.

"செடியைச் சுவத்துல ஏத்துங்க. உங்க ஹாலே வெளிய வந்துட்ட மாதிரி இருக்கணும். முக்கியமா, இடத்தை நீளவாக்குல பாக்காதீங்க, அகலவாக்குல பாருங்க."

முதல் வாக்கியம் சுலபமாக முடிந்தது. கொத்தனார் தொப்பளான் ஏணி போட்டு, எட்டுப் பூந்தொட்டிகளை மண்டிச் சுவரின் உச்சியில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் ஆறு தொட்டிகள் மண்டிக்குள் விழுந்தன.

"ஏத்தச் சொன்னார், ஏத்தியாச்சு," என்றார் அம்பலவாணர். "எறங்கறதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை."

அடுத்தது ஹால். சோபா, டீவி, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் எல்லாம் கொல்லைக்கு வந்தன. ஃபேனை மாட்டத்தான் மேலே ஒன்றும் இல்லை. துணிக்கொடியில் கட்டினார்கள். காற்றடித்ததும் அது தானாகவே சுற்றியது. கரண்ட் இல்லாமல் ஓடும் ஃபேன் ஊரிலேயே தன்னிடம்தான் இருக்கிறது என்று மருதப்பன் பூரித்துப் போனார்.

தொப்பளானுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஐயா, வாசக்கதவு ஹாலைச் சேந்ததா, தெருவைச் சேந்ததா?"

அம்பலவாணர் கண்ணை மூடி யோசித்தார். "நாம இப்ப எங்க நின்னு பேசறோம்?"

"ஹால்லதாங்க."

"கதவு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்ப ஹாலைச் சேந்தது."

வாசற்கதவை நிலையோடு பெயர்த்துக் கொல்லையில் சாத்தி வைத்தார்கள்.

மூன்றாவது வாக்கியம்தான் மூன்று நாள் படுத்தியது. டேப்பைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஆறடி ஆறடியாகவே இருந்தது. கடைசியில் அம்பலவாணர்தான் கண்டுபிடித்தார்.

"தப்பு கொல்லையில இல்லடா. நாம நுழையற பக்கத்துல இருக்கு. பின்கதவு வழியா வந்தா ஆறடி அகலம், முப்பதடி நீளம். இதோ, இடும்பன் சுவத்துல முதுகை வெச்சு நில்லு. இப்ப அகலம் எவ்வளவு?"

மருதப்பன் இடமும் வலமும் பார்த்தார். "முப்பதடி அண்ணா," என்றார். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் கொல்லை ஐந்து மடங்கு அகலமாகிவிட்டதே.

அந்தச் சுவருக்குப் பின்னால் இடும்பனின் சமையலறை இருந்தது. சுவரை உடைத்து அந்தப் பக்கமாக ஒரு வழி வைக்கலாமா என்று அவனிடம் போய்க் கேட்டார்கள்.

"தாராளமா ஒடைங்க மச்சான்," என்றான் இடும்பன். "ஆனா எங்க வீட்டுக்கு ஏத்த நல்ல கதவாப் போடணும்."

"தேக்குக் கதவு, ரெடியா இருக்கு மாப்ளே," என்றார் மருதப்பன்.

கதவு பொருத்தியாயிற்று. ஆனால் பழைய பின்கதவு வழியாக யாராவது மறந்துபோய் நுழைந்துவிட்டால் கொல்லை மறுபடி ஆறடியாகிவிடும். அதனால் அதைச் செங்கல் வைத்து அடைக்க முடிவாயிற்று. வாசலும் கதவில்லாமல் திறந்து கிடந்தது. திருடன் வந்தால் என்ன செய்வது? அதையும் அடைக்க வேண்டியதாயிற்று. வெயில் கொளுத்தியதால் தொப்பளான் நிழலில் நின்றே இரண்டையும் கட்டி முடித்தார்.

பத்தாம் நாள் கோமளம் வந்தாள். மருதப்பன் தெருமுனையிலேயே பையை வாங்கிக்கொண்டு, சொந்த வீட்டைத் தாண்டி, இடும்பன் வீட்டுக்குள் புகுந்து, சமையலறை வழியாக அவளை அழைத்துப் போனார்.

"இது நம்ம வாசக்கதவு மாதிரி இருக்கே," என்றாள் கோமளம்.

"அதேதான்," என்றார் மருதப்பன்.

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். இடும்பன் அடுப்படியிலிருந்தே கையை நீட்டிக் காப்பியைக் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பயணக் களைப்பில் இருந்தவளுக்குக் காற்று இதமாக இருந்தது.

"பரவாயில்லை. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றாள்.

மருதப்பனுக்குப் பத்து நாள் பாரம் இறங்கியது.

"சரி, உள்ள போய்ப் பொடவை மாத்திட்டு வரேன். எப்படிப் போகணும்?"

மருதப்பன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இடும்பனைப் பார்த்தார். இடும்பன் ஃபேனைப் பார்த்தான்.

அப்போது, அடைத்த பின்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தொப்பளானின் குரல் கேட்டது. "ஐயா, உள்பூச்சு முடிஞ்சு ரெண்டு நாளாச்சுங்க. வெளிப்பூச்சுக்கு வரணும். எந்தப் பக்கமா வரட்டும்?"

"அவசரப்படாதே," என்றார் அம்பலவாணர். "மொதல்ல காயட்டும்."

கோமளம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இனி செத்தாலும் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்," என்றாள்.

மருதப்பன் முகம் மலர்ந்தது. நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"எங்களாலயும்தான் வைக்க முடியாது, கோமளம்," என்றார். "இனிமே நம்மளைப் பிரிக்க ஆள் கிடையாது."