மேல்பட்டையில் ஒரு பூஜ்யம்

"கருவி நல்லாத்தான் வேலை செய்யுது டீச்சர். எம் பொண்ணுதான் எழுத மாட்டேங்குறா" என்றார் ஆரோக்கியதாஸ்.

திருச்சி பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொற்கொடி அங்கே புரோகிராம் எழுதச் சொல்லித் தருவாள். ஒரு காலத்தில் அவளுக்குப் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர் ஆரோக்கியதாஸ். இப்போது அவள் டீச்சர், அவர் மாணவர். ஆனால் அவள் 'சார்' என்பதை விடவில்லை.

திரையின் மேல்பட்டையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அவர் புரோகிராம் எழுதிச் செய்த கருவி இருந்தது. சின்னதாக ஒரு கடித உறை, அதன் அருகே ஓர் எண். மகள் ஜெனிட்டாவிடமிருந்து புது மெயில் வந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை மெயில் சர்வரைக் கேட்டு, எண்ணிக்கையைக் காட்டும். உறைக்கு நிழல்கூட வரைந்திருந்தார். ஓவிய வாத்தியார் அல்லவா, சும்மா விடுவாரா?

எண் பூஜ்யம். வீட்டிலும் பூஜ்யம், இங்கேயும் பூஜ்யம்.

ஜெனிட்டா அவர் பேச்சைக் கேட்காமல் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது, இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்று சொல்லியிருந்தார். அவளும் பண்ணவில்லை.

"போன்தான் பண்ண வேண்டாம்னேன். மெயில் போடக் கூடாதுன்னு சொன்னேனா?"

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மெயில் பெட்டியைத் தானே திறந்து பார்க்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கருவி. சாப்பாடு ஆறிப்போகும்வரை அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மனைவியிடம், பார்த்தாயா உன் மகளின் லட்சணத்தை என்பார். பெற்ற மகள் மறந்துவிட்டாள் என்று நம்பத் தொடங்கியிருந்தார். அது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

எண்ணுக்குப் பதிலாக ஒரு பூ வைக்கலாமா, அப்போதாவது மனசுக்கு ஆறுதலாக இருக்குமா என்று அவர் கேட்டார்.

பொற்கொடி குனிந்து, கணினியின் பின்னாலிருந்த இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாள். அதை அவர் கையில் கொடுத்தாள்.

இருவரும் ஒரு நிமிடம் காத்திருந்தார்கள்.

"என்ன காட்டுது சார்?"

"பூஜ்யம்."

இன்னொரு நிமிடமும் போனது.

"இப்போ?"

"அதே பூஜ்யம்தான். சர்வர் கிடைக்கலைன்னா பூஜ்யம் போடச் சொல்லியிருக்கேன். சிவப்பா 'பிழை'ன்னு வந்தா அசிங்கமா இருக்கும்."

"ஒயர் உங்க கையில இருக்கு. அது யாரையும் கேக்கவே இல்ல. அப்புறம் எப்படி சார் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது?"

அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். எந்த வரியில் அப்படி எழுதினோம் என்பதும் நினைவிருந்தது.

"நான்தான் டீச்சர் அப்படி எழுதி வெச்சேன்."

கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். இத்தனை நாள் வீட்டில் பார்த்த பூஜ்யமும் இப்படி வந்ததாக இருக்கலாம்.

பொற்கொடி அடுத்த மாணவியின் திரைப்பக்கம் போய்விட்டாள்.

அவர் ஒயரை மேசைமேல் வைத்தார். சொருகவில்லை. புரோகிராமையும் திருத்தவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படிக்குப் போய், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஜெனிட்டாவின் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தாள்.

"அப்பா? என்னப்பா ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். "உன்னையே கேக்கலாம்னுதான்."