எலுமிச்சம்பழம் எந்தச் சக்கரத்துக்கு?

கார் கதைன்னதும் டுர்ருன்னு ரேஸ் வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்களா? வராதுங்க. இதுல வேகமா ஓடுறது திருப்பூர் பனியன் கம்பெனி மொதலாளி தெய்வசிகாமணியோட வாய் மட்டும்தான்.

ரேஸ் மைதானத்துல ஓட்டுறதுக்குன்னே செஞ்ச அமெரிக்கா கார் ஒண்ணை மூணு கோடி போட்டு வாங்கினார். "குடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும்"னு ஊரெல்லாம் அவரே பீத்திக்கிட்டார். காரோட வயிறு தரையில இருந்து நாலு விரல் உசரம். வீட்டுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவுல பதினோரு ஸ்பீடு பிரேக்கர்.

டிரைவர் ஆறுச்சாமியைக் கூப்பிட்டார். "பத்தரைக்குள்ள கார் பூசைக்கு வந்து நிக்கோணும். அடியில ஒரு கீறல் விழுந்தாலும் உனக்கு வேலை இல்ல."

"சரிங்க மொதலாளி."

கோயில் வாசல்ல சொந்தபந்தமெல்லாம் மாலையோட காத்திருக்கு. பத்து இருபத்தஞ்சுக்கு ஒரு வாடகை லாரி ஆடி அசைஞ்சு வந்து நின்னுச்சு. அதுக்கு மேல, கயித்துல கட்டின கார். ஆறுச்சாமி லாரியில இருந்து இறங்கினான்.

"என்ன கருமம்டா இது?"

"நேரத்துக்கு வந்தாச்சுங்க. கீறல் இருந்தா காட்டுங்க மொதலாளி."

மொதலாளி எக்கி எக்கிப் பார்த்தார். ஒண்ணும் சிக்கல.

குருக்கள் பரபரத்தார். "நல்ல நேரம் முடியப் போறது. எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில வைக்கட்டும்?"

ஓரமா பூ கட்டிக்கிட்டிருந்த ருக்குமணி அக்காதான் போட்டு உடைச்சுது.

"மூணு கோடி காரு சும்மா மேல ஏறித்தானே குந்தியிருக்கு சாமி? ஓடி வந்தது லாரிதானே, அதுக்கே வைங்க!"